கன்னத்துக்கு அளவெடுத்த துப்பாக்கி

8.3.81

காலையில் இவர் என்னைக் காபி குடிக்க விடவில்லை. தையல் டேப்பை என் காதில் பிடித்துத் தாடை வரைக்கும் அளந்துகொண்டிருந்தார். "சிரிக்காத, அளவு மாறுது" என்கிறார். கோடைக்கானல் பஜாரில் தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிற மலைச்சாமிக்குப் பொண்டாட்டி கன்னத்தில் என்ன சோலி?

சோலி இதுதான். மே மாதம் கோடை விழாவில் ஏர் கன் போட்டி. போன வருஷம் ஏரிக்கரை பலூன் கடையில் நான் விளையாட்டாகச் சுட்டதைப் பார்த்துவிட்டு, ரைபிள் கிளப் செக்ரட்டரி சுபேதார் சுந்தரராஜ் என்னை மெம்பராக்கிப் பழைய ஏர் கன் ஒன்றையும் கையில் கொடுத்துவிட்டார். இந்த வருஷம் பெண்களில் முதல் இரண்டு பேர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அந்த லிஸ்டில் பேர் வந்தால் என் டிரான்ஸ்பரை நிறுத்தி வைப்பார்கள் என்று நான் வேலை பார்க்கிற டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர் சொன்னார். வராவிட்டால் ஜூனில் மலை இறங்கிப் பழனி டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போக வேண்டியதுதான்.

இதை இவரிடம் சொல்லி ஒரு வாரம் ஆகிறது. போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. துப்பாக்கியைக் கழற்றிப் பாயில் பரப்பிவிட்டார். படுக்க இடமில்லை.

15.3.81

துப்பாக்கியின் கட்டை, தோளில் முட்டுக்கொடுத்துக் கன்னம் சாய்க்கிற அந்த மரப்பகுதி, கடையில் செய்தது ஆகாதாம். யாரோ ஒருத்தன் மூஞ்சிக்குச் செய்ததை நீ ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறார். வட்டக்கானலில் சாய்ந்து கிடந்த பேரிக்காய் மரத்தில் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இழைக்கிறார். கண் அசையாமல் குழல் நுனியில் இருக்கிற குறிமுள்ளுக்கு நேரே வந்து நிற்க வேண்டுமானால் கன்னம் தினமும் ஒரே இடத்தில் உட்கார வேண்டுமாம்.

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் என் மூஞ்சியை இவ்வளவு நேரம் பார்த்ததே கிடையாது. பார்க்கட்டும்.

22.3.81

சாம்பாரில் மரத்தூள்.

29.3.81

டிரிக்கர் கனமாக இருக்கிறது, இழுக்கும்போது துப்பாக்கி அசைகிறது என்று போன வாரம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். பாபின் கேஸ் ஸ்பிரிங் ஒன்றை உள்ளே போட்டு மெருகேற்றி, தையல் மிஷின் எண்ணெயும் விட்டு, "இப்பத் தொட்டுப் பாரு" என்றார். கடை வாசலில் நின்று தோளில் வைத்தேன். தொடவில்லை, விக்கல்தான் வந்தது. அதற்கே சுட்டுவிட்டது.

ரவை போய்க் கடை போர்டில் 'ரிப்பேர்' என்ற எழுத்தில் பொத்தல் போட்டது. அவர் ஸ்டூல் போட்டு ஏறி, பொத்தலுக்குள் ஊசியை விட்டு ஆழம் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு" என்று இறங்கினார். நான் திட்டின திட்டில் இன்னொரு ஸ்பிரிங் போட்டுச் சரிசெய்தார். இனிமேல் தகரத்தட்டி கட்டிய கொல்லையில்தான் ரவை போடணும் என்று சத்தியம் வாங்கிவிட்டேன்.

12.4.81

கிளப் மைதானத்தில் பிராக்டிஸ். ஷம்ஷாத்தும் வந்திருந்தாள். ஜலாலுதீன் பலசரக்குக் கடை மருமகள். போட்டியில் எனக்கு எதிர் ஆள், மற்றபடி சிநேகிதி. கிளப் துப்பாக்கியை அப்படியே எடுத்து, வேர்க்கடலை தின்றுகொண்டே நடுப்புள்ளியில் சுடுகிறாள். "யக்கா, உங்க வீட்டுக்காரரு துப்பாக்கிக்கு ரவிக்கை தச்சிட்டாரா இல்லியா?" என்று கேட்டுச் சிரிப்பு வேறு.

ஆனால் கட்டை பொருந்தித்தான் விட்டது. கண்ணை மூடிக் கன்னத்தைச் சாய்த்துத் திறந்தால் குறிமுள் நேராக நிற்கிறது. அதை இவரிடம் சொன்னேன். "உடம்பு போடாம பாத்துக்க" என்றார். அவ்வளவுதான் பதில்.

டிரான்ஸ்பர் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. நான் போய்விட்டால் இந்த மனுஷன் என்ன செய்வார்? கேட்டால் ஸ்க்ரூ தேடுகிறார்.

3.5.81

கடைவாய்ப் பல் வலி.

4.5.81

கன்னம் வீங்கிவிட்டது. சும்மா இல்லை, இட்லியை உள்ளே ஒதுக்கின மாதிரி. வலது கன்னம் வேறு. துப்பாக்கியில் சாய்த்தால் கண் எங்கேயோ மேலே நிற்கிறது. எக்ஸ்சேஞ்சில் "நம்பர் ப்ளீஸ்" என்றால் வேறென்னவோ கேட்கிறதாம். ஒரு எஸ்டேட் மானேஜர் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். வீக்கம் வடிய பத்து நாள்கூட ஆகலாமாம். போட்டி ஞாயிற்றுக்கிழமை. முடிஞ்சு போச்சு. பழனிதான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணைத் துடைக்கப் போகிறார் என்று நினைத்தேன். டேப்பை எடுத்தார்.

7.5.81

வீங்கின கன்னத்துக்கு ஏற்றபடி கட்டையைச் செதுக்கிக் குறைத்துவிட்டார். இரண்டு நாளாகக் கடை திறக்கவில்லை. பொருந்துகிறது! நடுப்புள்ளியில் மூன்று தடவை. சிரித்தால்தான் வலிக்கிறது, அதனால் சிரிக்கவில்லை.

9.5.81

சாயங்காலம் கிளப்பில் துப்பாக்கிச் சோதனை. சுபேதார் எல்லாவற்றையும் பார்த்து, காகித சீல் ஒட்டி, பீரோவில் பூட்டினார். இனி நாளைப் போட்டி முடிகிற வரைக்கும் துப்பாக்கியில் யாரும் எதையும் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

எங்கள் இரண்டு பேருக்கும் நிம்மதி. கல் உப்பு போட்டு வாய் கொப்பளித்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

10.5.81

எழுதக் கை ஓடவில்லை, ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

வெள்ளனே எழுந்தேன். வலி இல்லை. வாயில் ஒரே கசப்பு. கன்னத்தைத் தடவினால் வீக்கத்தைக் காணோம்! ராத்திரியோடு சீழ் உடைந்து வடிந்துவிட்டது. சந்தோஷமாக ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். என் முகத்தைப் பார்த்தவர் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பொண்டாட்டி குணமானதற்கு இடிந்துபோன புருஷன் இந்தக் கோடைக்கானலில் இவர் ஒருத்தர்தான் இருப்பார்.

மைதானத்தில் துணி சுற்றலாமா, தோல் ஒட்டலாமா என்று சுபேதாரிடம் கெஞ்சினோம். சீல் வைத்தது வைத்ததுதான் என்றுவிட்டார். ஷம்ஷாத் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றவள், "துப்பாக்கியத்தான தொடக்கூடாது? கன்னத்தத் தொடலாம்ல?" என்று கூடைக்குள் கையை விட்டாள். மாமனார் கடைக் கமர்கட். எனக்கு எதிராகச் சுடப் போகிறவள்!

வெல்லப்பாகும் தேங்காயும் போட்டு உருட்டின அந்த உருண்டையை வலது கொடுப்புக்குள் தள்ளினேன். அவர் என் தாடையைப் பிடித்து, "கொஞ்சம் மேல தள்ளு... போதும், அங்கனயே நிறுத்து" என்றார். பத்துப் பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். நிறுத்தினேன்.

முதல் சுற்றில் நான்தான் முன்னால். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த பெண்ணின் அண்ணன் எழுந்து, இந்தம்மா வாயில் எதையோ வைத்துக்கொண்டு சுடுகிறது என்று புகார் சொன்னார். சுபேதார் என்னை ஆ காட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மிட்டாயைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. கடைசியில், "வாய்க்குள்ள இருக்கிற வரைக்கும் அது உடம்புல சேர்த்தி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

வாயில் வைத்த பண்டம் கரையும் என்று ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை? இரண்டாம் சுற்றில் ஒவ்வொரு ரவையும் நடுப்புள்ளியை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகிறது. பதற்றத்தில் பல்லை இறுக்கினேன். கடுக்கென்று உடைந்தது. கன்னம் தட்டை. அடுத்த ரவை அட்டையின் ஓரத்தில்.

சுடும் கோட்டை விட்டு நகரக் கூடாது, புதுக் கமர்கட்டுக்கும் வழி கிடையாது. திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார், தன் கன்னத்தைப் பொம்மென்று உப்பிக் காட்டிக்கொண்டு. கல்யாணத்தன்றுகூடச் சிரிக்காத மனுஷன்.

உப்பினேன். காற்று போகாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு சுட்டேன். நடுவில். மறுபடி உப்பினேன், நடுவில். கூட்டம் முழுக்கச் சிரிக்கிறது. போட்டோ ஸ்டுடியோக்காரர் முன்னால் வந்து படம் பிடிக்கிறார். நான் கடைசி ரவை வரைக்கும் பலூன் மாதிரி நின்று சுட்டேன்.

ஷம்ஷாத் முதல். திண்டுக்கல் பெண் இரண்டாவது. நான் மூன்றாவது. அந்த ஓரத்தில் போன ஒரு ரவைதான்.

11.5.81

டியூட்டிக்குப் போனேன். கேட்காமலே ஆளாளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அதுதான் கஷ்டமாக இருந்தது.

23.5.81

ஸ்டுடியோ கண்ணாடியில் என் படத்தை மாட்டியிருக்கிறார்கள். ஜெயித்த ஷம்ஷாத் படம் சின்னது, உப்பின என் படம் பெரியது. டூரிஸ்டுகள் நின்று பார்க்கிறார்கள். எடுக்கச் சொல்லிச் சண்டை போடப் போனவள், நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பிவிட்டேன்.

5.6.81

ஆர்டர் வந்துவிட்டது. பழனி. இருபதாம் தேதிக்குள் சேர வேண்டும்.

சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேவிட்டேன். "நான் போறேன். நீங்க என்ன செய்யப் போறீங்க?"

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம், "அங்க வெயிலு ஜாஸ்தி. துப்பாக்கில இருக்கிற பேரிக்காக் கட்டை சுருங்கும். அப்பப்ப ஆள் இருந்து பாத்துக்கணும்" என்றார்.

"அதுக்கு?"

"வேற யாருக்கு அந்த அளவு தெரியும்? நானுந்தான் வரணும். பழனில தையல் மிஷின் இல்லாமலா கெடக்கு."

மூன்று மாதமாக இதை எங்கே வைத்திருந்தார்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ரசம் ஊற்றினேன். கொஞ்சம் அதிகமாகவே ஊற்றிவிட்டேன்.

12.7.81

பழனி. வியர்த்துக் கொட்டுகிறது. அடிவாரத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கடைக்கு இடம் பேசியாகிவிட்டது. வாசல் கதவு இறுக்கமாக இருக்கிறது, நாலு நாளாகத் தோளால் இடித்துத்தான் திறக்கிறேன் என்று காலையில் ஒரு பேச்சுக்குச் சொன்னேன். டியூட்டி முடிந்து வந்து பார்த்தால் கதவைக் கழற்றித் தெருவில் போட்டு இழைத்துக்கொண்டிருக்கிறார்.

ரொம்ப இழைத்துவிட்டார். இப்போது கதவு நிலைக்குள் நிற்காமல் உள்ளே விழுகிறது. புதுப் பலகை வருகிற வரைக்கும் வாசலில் என் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

காற்று நன்றாக வருகிறது.