பனித்தீவில் எடுத்த கரடிப்பல்

மொன்றியல், ஆவணி 2003

அன்பான அம்மாவுக்கு,

அன்ரன் வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகமாக இருக்கிறேன்.

எங்கள் சரக்குக் கப்பல் வடக்கே ஒரு பனித்தீவுக்குப் போய்த் திரும்பியது. கரை முழுக்க நீண்ட தந்தங்களோடு கடல்விலங்குகள் படுத்திருந்தன. அவற்றைப் பார்க்கப் போன இடத்தில், ஒரு கற்குவியலில் துளையிட்ட கரடிப்பல் ஒன்று கிடந்தது. உங்களுக்குக் காட்டலாமென்று எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

அதைக் கண்ட அத்தீவுப் பெண் ஒருவர் ஆங்கிலத்தில், "தம்பி, அந்தக் கற்குவியல் எங்கட ஆக்களின்ர கல்லறை" என்றார்.

"தெரியாது அக்கா" என்றேன். மனிதர் அடுக்கிய கற்கள் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பல்லைத் திருப்பி வைத்தேன். பிறகு அவரே எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். சேமக்காலையில் அப்பாவின் சிலுவை நேராக நிற்கிறதா என்றும் ஒருக்கால் பார்த்து எழுதுங்கள். கப்பலுக்குக் கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்,
அன்ரன்