பெரிய டாக்டரின் பாஸ்வேர்ட்

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் நான் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லையாம். காலை எட்டரைக்குச் சின்ன டாக்டர் எங்கள் எல்லோரையும் கண் பரிசோதனை அறையில் நிற்கவைத்து இந்த நற்செய்தியை அறிவித்தார். மானிட்டர் ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் சீட்டுகள், கீபோர்டுக்கு அடியில் ஒளித்தவை, என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருப்பவை எல்லாவற்றையும் சாயங்காலத்துக்குள் கிழித்துவிட வேண்டும். இனி எல்லாப் பாஸ்வேர்டும் பாஸ்வேர்ட் மேனேஜர் என்ற ஒரே பெட்டகத்துக்குள் போய்விடும். அதைத் திறக்க ஒரு தாய்ப் பாஸ்வேர்ட் போதும். மற்றதையெல்லாம் அதுவே அந்தந்தக் கட்டத்தில் நிரப்பிக்கொள்ளும். ஆட்டோஃபில்.

பதினெட்டு வருஷமாக இந்தக் கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையை நான் ஒரே பாஸ்வேர்டை வைத்து ஓட்டியிருக்கிறேன். ஆஸ்பத்திரி பெயர், பக்கத்தில் ஒன்று இரண்டு மூன்று. ஒரு திருடனும் வந்ததில்லை. வந்திருந்தாலும் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காரச் சொல்லியிருப்பேன்.

ஐந்து கம்ப்யூட்டரிலும் இதைப் போட்டு ஓடவைக்கும் பொறுப்பு யாருக்கு? அக்காவுக்குத்தான். சின்ன டாக்டர் பள்ளிச் சீருடையில் அப்பாவைப் பார்க்க வந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். கூடுதல் வேலை சொல்லும் நாட்களில் அந்த 'அக்கா' இன்னும் கொஞ்சம் இனிக்கும்.

பெரிய டாக்டர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மகள் பேசினால் அவர் அப்படித்தான்.

மார்ச் 4, செவ்வாய்

தாய்ப் பாஸ்வேர்ட் குறைந்தது பதினான்கு எழுத்து. முதலில் வைத்ததைப் 'பலவீனம்' என்றது. இரண்டாவதும் பலவீனம். மூன்றாவது 'சுமார்'. என் மாமியார்கூட என்னை இவ்வளவு பட்டென்று மதிப்பிட்டதில்லை. நான்காவதாகக் கோபத்தில் எதையோ தட்டினேன். 'மிக வலிமை' என்று பச்சை காட்டியது. என்ன தட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து.

மறந்துபோனால் மீட்பதற்கு ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கிறது. பத்திரமான இடத்தில் வைக்க வேண்டுமாம். பீரோவில் வைத்துப் பூட்டினேன். பீரோ சாவி மேஜை டிராயரில். டிராயர் சாவி டிராயரிலேயே தொங்குகிறது. பலத்த பாதுகாப்பு.

மார்ச் 5, புதன்

நிரப்பவில்லை.

மார்ச் 6, வியாழன்

காரணம் கிடைத்தது. பிரவுசரும் தன் பங்குக்குப் பழைய பாஸ்வேர்டுகளைச் சேர்த்துவைத்திருக்கிறது. கட்டத்தில் கர்சரை வைத்தால் இதுவும் ஒரு பட்டியலை நீட்டுகிறது, அதுவும் ஒன்றை நீட்டுகிறது. ஒரே சீட்டுக்கு இரண்டு பேர் துண்டு போட்ட கதை. பிரவுசரின் அமைப்புகளுக்குள் போய், பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் வேலையை நிறுத்தி, பழையதையெல்லாம் அழித்தேன். அதன்பிறகு சமர்த்தாக நிரப்பியது. பெருமையில் பதினைந்து நிமிடம் யாருக்கும் டோக்கன் கொடுக்காமல் லாக் இன், லாக் அவுட் என்று விளையாடிக்கொண்டிருந்தேன்.

பெருமை மதியம்வரைதான். லென்ஸ் வரவழைக்கும் தளத்தில் முதல் பக்கத்தில் பயனர் பெயரை மட்டும் கேட்பார்கள், பாஸ்வேர்ட் அடுத்த பக்கத்தில். நம் மேதை பயனர் பெயர்க் கட்டத்தில் பாஸ்வேர்டைக் கொட்டிவிட்டது. புள்ளி புள்ளியாக அல்ல, எழுத்து எழுத்தாக. எதிரே நின்ற நோயாளி வாய்விட்டு வாசித்தார். கண்ணில் கோளாறு என்று வந்தவர்! எந்தக் கட்டத்துக்கு எது என்று பதிவில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்த பிறகு அடங்கியது.

மார்ச் 8, சனி

மானம் போன நாள்.

புது நோயாளியைச் சேர்க்கும் படிவத்தில் அது என் பெயரையும் என் பிறந்த தேதியையும் நிரப்பியிருக்கிறது. நான் பார்க்காமல் சேமித்து, சீட்டையும் அச்சடித்துவிட்டேன். எழுபத்திரண்டு வயதுப் பெரியவர், நாற்பத்தொன்பது வயதுப் பெண்மணியாகக் கையில் சீட்டுடன் உட்கார்ந்திருந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அவருக்கு வாசிக்க முடியவில்லை. அவர் மனைவி வாசித்தார்.

"இவ்வளவு சின்ன வயசா இருந்தா நான் ஏம்மா இவரைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வரேன்?"

சொந்த விவரங்களை நிரப்பும் வசதியை ஐந்து கம்ப்யூட்டரிலும் அணைத்தேன். அந்தப் படிவத்தின் முகவரியையும் 'இங்கே நிரப்பாதே' பட்டியலில் போட்டேன். சின்ன டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. முகம்தான் வெளுத்துப்போனது. ஒரு சீட்டுக்கு இவ்வளவு ஏன்?

மார்ச் 11, செவ்வாய்

பெரிய டாக்டரின் கம்ப்யூட்டர் என் கழுத்தை அறுக்கிறது. நோயாளிப் பதிவேட்டில் ஐந்து முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். நேற்றிலிருந்து மூன்று முறை பூட்டிக்கொண்டது. மூன்று முறையும் நான்தான் எழுந்துபோய்த் திறந்தேன். "இது என் பாஸ்வேர்டை மாத்திடுச்சு" என்கிறார், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் புகார் சொல்வதுபோல.

உட்கார்ந்து பார்த்தேன். பதிவேடு போன வருஷமே புது இணைய முகவரிக்கு மாறிவிட்டது. இவருடைய பெட்டகத்தில் பழைய முகவரி. முகவரி ஒத்துப்போகாவிட்டால் ஆட்டோஃபில் வாயைத் திறக்காது. திருத்தினேன், நிரப்பியது. குழந்தை மாதிரி சிரித்தார்.

"அப்ப இனிமே நான் எதையும் மனசுல வெச்சுக்க வேணாம்."

நானும் சிரித்தேன்.

மார்ச் 12, புதன்

எதை அமுக்க வேண்டும் என்று மறுபடி கேட்டார். காட்டினேன். மதியம் மறுபடி கேட்டார். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கண்ணைத் திறந்து தைக்கிறவருக்கு ஒரு பட்டன் பிடிபடவில்லை. பெரிய மனிதர்கள் கீபோர்டு பக்கம் வந்தால் கைக்குழந்தை ஆகிவிடுகிறார்கள். 'இங்கே அமுக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதி அவர் மானிட்டரில் ஒட்டினேன்.

மார்ச் 13, வியாழன்

ஒட்டிய சீட்டைச் சின்ன டாக்டர் கிழித்துப் போட்டுவிட்டார். அது பாஸ்வேர்டா? வெறும் அம்புக்குறி. அம்புக்குறிக்கும் இனி பாதுகாப்பு வேண்டும்போல.

மார்ச் 14, வெள்ளி

எங்களுக்கெல்லாம் ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் பெட்டகம் தானே பூட்டிக்கொள்ளும். தாய்ப் பாஸ்வேர்டை மறுபடி அடிக்க வேண்டும். சின்ன டாக்டர் வைத்த விதி. இன்று அப்பாவின் கம்ப்யூட்டரில் மட்டும் 'ஒருபோதும் பூட்டாதே' என்று அவரே மாற்றிவைத்திருக்கிறார்.

கேட்டுவிட்டேன். எங்களுக்கு அஞ்சு நிமிஷம், அவருக்கு மட்டும் ஆயுசு பூராவுமா என்று. விதி, ஒழுங்கு, நோயாளிகளின் ரகசியம் என்று முதல் நாள் அவ்வளவு பேசியவர், தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"அவருக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும்க்கா."

மகாராஜாவுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டம். நல்லது.

மார்ச் 17, திங்கள்

எல்லோருக்கும் ஒரே சட்டம் என்ற என் வாதத்தை நிரூபிக்கத்தான் உட்கார்ந்தேன். பெட்டகத்தின் நிர்வாகி நான். யார் எப்போது திறந்தார்கள், எத்தனை முறை தவறவிட்டார்கள் என்ற பதிவு எனக்குத் தெரியும். பெரிய டாக்டரின் கணக்கை விரித்தேன். பத்தாம் தேதியிலிருந்து பதிமூன்று வரை தாய்ப் பாஸ்வேர்டை முப்பத்தொரு முறை தப்பாக அடித்திருக்கிறார். மகள் பூட்டை எடுத்துவிட்ட நாளிலிருந்து ஒன்றுகூட இல்லை. அந்தப் பழைய முகவரியைத் தவிர, அவர் கம்ப்யூட்டரில் ஆட்டோஃபில்லுக்கு ஒரு கோளாறும் இருக்கவில்லை.

அச்சடித்து மகளிடம் காட்டலாம் என்று போனேன். பெரிய டாக்டர் அறை பிரிண்டரில் தாள் இல்லை. தாள் எடுக்க டிராயரைத் திறந்தேன். மேலேயே மருந்துச் சீட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம். அவர் கையெழுத்து.

வியாழன் ஆபரேஷன். மற்ற நாள் இல்லை.

வண்டி பின்பக்கம் நிற்கும்.

அதற்குக் கீழே என் பெயர். பக்கத்தில், வரவேற்பு, பதினெட்டு வருஷம்.

என் பேரை எதுக்கு எழுதி வெச்சிருக்கார்? என் பேரை ஒருத்தர் எதுக்கு எழுதி வெச்சுக்கணும்?

டிராயரை மூடிவிட்டேன். ஒன்றும் அச்சடிக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டரை மாடிப்படியில் நிறுத்திக் கேட்டேன். முதலில் கத்திரி, பஞ்சு என்று எதையோ எண்ணிக்கொண்டே இருந்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். போன வியாழன், பெரிய டாக்டரின் இரண்டாவது கேஸ்.

"ரெண்டு தடவை எந்தக் கண்ணுன்னு கேட்டார். சொன்னேன். மூணாவது தடவை கேக்கல. அதுதான் பயமாப் போச்சு."

கேட்காமல் அவர் கை நல்ல கண் பக்கம் போயிருக்கிறது. துணியைச் சரிசெய்வதுபோல சிஸ்டர் அந்தக் கையைப் பிடித்து இந்தப் பக்கம் கொண்டுவந்திருக்கிறார். நோயாளிக்குத் தெரியாது. யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? அவர்தானே ஆஸ்பத்திரி.

அன்று கீழே உட்கார்ந்து நான் அம்புக்குறிக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் 19, புதன்

சின்ன டாக்டரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். நான் ஆரம்பிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. அப்பாவின் மறதி ஆறு மாதமாகத் தெரியுமாம். பாஸ்வேர்ட் மேனேஜர் நோயாளிகளின் ரகசியத்துக்காக இல்லை. அப்பா தினமும் பாஸ்வேர்டை மறந்து, கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ள, வெளியே வந்து நிற்பதை நாலு பேர் பார்க்கிறார்கள். அது தானாக நிரப்பிக்கொண்டால் பார்க்க மாட்டார்கள். பரிசோதனைக்குத் தேதி வாங்கியிருக்கிறார். அப்பாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் உடைந்துபோய்விடுவார். இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்.

நாளைக்கு மூன்று கேஸ் இருக்கிறதே என்றேன். பக்கத்திலேயே நிற்கிறேன் என்றார்.

"பதிவேட்டுல அஞ்சு தடவை தப்பு விடலாம்மா, அப்புறம்தான் பூட்டிக்கும். கண்ணுக்கு அப்படி இல்லியே."

வாங்கிய பட்டங்கள் எல்லாம் சுவரில் மாட்டியிருக்க, அதற்குக் கீழே பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி அழுதாள்.

வீட்டில் காபி குடிக்கும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பஸ் ஓட்டுகிறவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "எங்களுக்குக் கண்ணு மங்குனா அன்னிக்கே வண்டிய விட்டு இறக்கிடுவாங்க. யாரு ரெண்டு வாரம் தரா?" என்றார்.

மார்ச் 20, வியாழன்

ஏழு மணிக்கே போய்விட்டேன். நிர்வாகிப் பக்கத்தைத் திறந்து, பெரிய டாக்டரின் பெட்டகத்தையும் ஐந்து நிமிட விதிக்குள் கொண்டுவந்தேன். நான் செய்தது அவ்வளவுதான். வாயால் சொல்லத் தைரியமில்லாதவள் கம்ப்யூட்டரை அனுப்பிவைத்தேன். பெரிய வீராங்கனை.

ஏழரைக்கு வந்தார். ஏழே முக்காலுக்கு என் மேஜைக்கு முன்னால் நின்றார். அது திறக்கவில்லை, வந்து பாருங்கள் என்றார். வழக்கமான பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. முகவரி மாறியிருக்கும் டாக்டர், சரிசெய்கிறேன் என்று. எவ்வளவு சுலபம்!

"ஆட்டோஃபில் சரியாத்தான் இருக்கு டாக்டர்" என்றேன்.

என்னையே பார்த்தார். பிறகு நோயாளிகள் உட்காரும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"மூணு நாளா."

"எனக்கு ஒரு வருஷமா."

மகளிடம் சொன்னால் அவள் பயந்துவிடுவாள் என்று சொல்லவில்லையாம். அவளுக்கும் தெரியும் என்றேன். என் மேஜையில் இருந்த டோக்கன்களை எடுத்து எண் வரிசைப்படி அடுக்கினார், சரியாகத்தான் அடுக்கினார். பிறகு போன வியாழன் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். சிஸ்டர் கையைப் பிடித்ததைச் சொன்னேன். எழுந்து நேராக மகள் அறைக்குப் போனார். கதவு மூடியது. இருபது நிமிடம்.

மூன்று கேஸையும் சின்ன டாக்டரே செய்தார். பெரிய டாக்டர் அவ்வளவு நேரமும் நோயாளிகளின் வீட்டார் நடுவில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பயந்துபோயிருந்த ஒரு அம்மாவிடம், ஆபரேஷனில் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றுகூட விடவில்லை.

மார்ச் 21, வெள்ளி

சொல்லாமல் இருந்திருக்கலாமோ? —இல்லை. ஆனாலும்.

மார்ச் 28, வெள்ளி

பரிசோதனை முடிந்தது. மறதி நோயின் ஆரம்ப நிலை என்றார்களாம். நல்ல செய்திபோலத்தான் சொன்னார்கள் என்று சின்ன டாக்டர் சொன்னார். டாக்டர்களுக்கே மற்ற டாக்டர்கள் பேசும் விதம் பிடிப்பதில்லை என்று இன்று தெரிந்துகொண்டேன்.

பெரிய டாக்டரின் கணக்கைப் பெட்டகத்திலிருந்து எடுக்க வேண்டும். அவரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய பதிவுகளை ஒவ்வொன்றாக மகள் பெயருக்கு மாற்றினேன். அவருக்குச் சொந்தமான இரண்டை மட்டும் தனியாக எழுதிக் கொடுத்தேன், தாளில், பேனாவால். கடைசியில், இந்தப் பயனரை நீக்குவது உறுதியா என்று திரை கேட்டது. என் விரல் சும்மா நின்றது.

"தள்ளுங்க, நானே அமுக்கறேன்" என்றார்.

எதை அமுக்குவது என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 9, புதன்

சின்ன டாக்டரின் கம்ப்யூட்டரில் லென்ஸ் தளம் மறுபடி நிரப்பவில்லை. பக்கத்தின் அமைப்பை மாற்றித் தொலைத்திருக்கிறார்கள். காலை பூராவும் அதோடு மல்லுக்கட்டினேன். நடுவில் போன். பழைய நோயாளி ஒருவர், நாளை ஆபரேஷனுக்கு வருகிறவர்.

"பெரிய டாக்டர் இருக்காரா?"

"இல்லைங்க" என்றேன். "டாக்டர் இருக்காங்க. வாங்க."