தொண்ணூற்றைந்தில் கொதித்த நீர்

ஜூலை 8, 2025

"ஏனுங்க சார், தண்ணி தொண்ணூத்தஞ்சு டிகிரியிலயே கொதிக்குதுங்க. நான் எதை எழுதட்டுங்க?"

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு ஆய்வகத்தில் என் மாணவி அத்தாயி கேட்ட கேள்வி. இன்று காலை பல் துலக்கும்போது அவள் குரல் அப்படியே காதில் விழுந்தது.

காரணம் தெரியும். நேற்று பிரிஸ்கில்லா டீச்சர் போன் செய்தார். அவர் பள்ளியில் எங்கள் அறிவியல் வீடியோக்களைத்தான் போட்டுக் காட்டுகிறார். "உங்க வீடியோவுல நூறுல கொதிக்குதுங்க சார். எங்க பசங்க செஞ்சா தொண்ணூத்தஞ்சுதான் வருது. தெர்மாமீட்டர் சரியில்லைன்னு சொல்லிட்டேன். சரிதானுங்களே?"

சரி என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஜூலை 9

எழுதிப் பார்த்தால்தான் எனக்கே நம்பிக்கை வரும்.

ஓய்வுக்குப் பிறகு இரண்டு வருடமாக ஓர் அறக்கட்டளைக்கு வீடியோ பாடங்கள் செய்து கொடுக்கிறேன். நாற்பது மலைப் பள்ளிகளில் டேப்லெட்டில் ஓடுகின்றன. கொதிநிலைப் பாடம் எடுத்த அன்று தெர்மாமீட்டர் தொண்ணூற்றைந்தில் நின்றுவிட்டது. படம் பிடித்து வெட்டி ஒட்டுகிற ஆன்மேரி, "ஏறவே மாட்டேங்குதுங்க சார்" என்றாள்.

"பழைய தெர்மாமீட்டர் கண்ணு. நீயே வரைஞ்சு நூறுன்னு காட்டிடு."

வரைந்தாள். சிவப்புக் கோடு வழுக்கிக்கொண்டு நூறுக்கு ஏறும். அழகாக இருக்கிறது என்று பாராட்டினேன்.

அதே பாடத்தில் நாலு நிமிடம் கழித்து நானே வந்து விளக்குகிறேன்: உயரமான மலைகளில் காற்றழுத்தம் குறைவு, ஆகவே நீர் நூறுக்கு முன்பே கொதிக்கும். எடுத்துக்காட்டு, இமயமலையில் சோறு வேகாமல் திண்டாடும் ராணுவ வீரர்கள். முப்பத்துநான்கு வருடமாக அதே வீரர்கள், அதே சோறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, கடல் மட்டத்திலிருந்து ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு, மலையை இமயத்தில் காட்டியிருக்கிறேன்.

மலை என்றால் பனி இருக்க வேண்டும் என்று நினைத்தேனா? நான் நிற்கிற இந்த ஏற்காடு எனக்கு என்னவாக இருந்தது?

ஜூலை 10

அன்று அத்தாயிக்கு நான் சொன்ன பதில்: "புத்தகத்துல இருக்கறதை எழுது கண்ணு."

அடிக்கவில்லை. திட்டவில்லை. அன்பாகத்தான் சொன்னேன் — அதுதான் உறுத்துகிறது.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வெள்ளக்கடை போனேன். அத்தாயி இப்போது அங்கே பள்ளியில் சத்துணவு சமைக்கிறாள். வாசலில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார்! பென்சன் வாங்கறவங்க பஸ்ல வரீங்க? ஒரு வண்டி எடுக்கக் கூடாதுங்களா?"

வந்த காரணத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டாள். "அதானுங்களா சேதி! இங்க பருப்பு வேகறதுக்குள்ள உசுரு போயிருது. அடிவாரத்துல எங்கக்கா ஊட்டுல சட்டுனு வெந்துரும். நான் பருப்பைத்தான் வைஞ்சுட்டிருந்தனுங்க."

"அன்னிக்கு நீ பாத்ததுதான் சரி. நான்தான் தப்பு."

பீன்ஸ் நறுக்கும் கத்தி நிற்கவில்லை. "அட விடுங்க சார். அதுக்கப்பறம் நான் தெர்மாமீட்டரைப் பாக்கவே இல்லீங்க. எல்லாச் சோதனையும் புத்தகத்தைப் பாத்தே எழுதுனனுங்க. நீங்களும் பூராத்துக்கும் 'மிக நன்று' போட்டீங்க. நொம்ப சுலுவாப் போச்சு."

குத்திக்காட்டவில்லை. பழைய பள்ளிக்கூடக் குறும்பைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

ஜூலை 14

மிக நன்று. எத்தனை நோட்டில் எழுதியிருப்பேன்? வகுப்பில் நாற்பது பேரும் நூறு என்று எழுதினால், நாற்பது பேரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். இது எனக்கு ஏன் தெரியவில்லை? தெரிந்தும் வசதியாக இருந்ததா?

ஜூலை 16

அறக்கட்டளையில் திட்டத்தைக் கவனிக்கும் பிரபாகரிடம், வீடியோவை எடுத்துவிட்டு வேறு போட வேண்டும் என்றேன்.

"பரீட்சையில நூறுன்னு எழுதுனாத்தான் சார் மார்க்கு. பசங்களைக் குழப்பாதீங்க."

"கடல் மட்டத்துல நூறு. அதையும் சொல்றேன். இங்க எவ்வளவுன்னும் சொல்றேன்."

"பாதிப் பள்ளிக்கூடத்துல நெட் இல்லீங்க. நேர்ல போயி யாரு மாத்தறது?"

"நான்."

"முழங்காலைப் பிடிச்சுட்டு மாடி ஏறறீங்க, நீங்களா?" சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்புன்னு மட்டும் சொல்லாதீங்க சார். விசயம் மேல போனா அடுத்த வருசம் திட்டமே இருக்காது. 'புதிய பதிப்பு'ன்னு போட்டுக்கலாம்."

ஒரு நிமிடம் எனக்கும் அது பிடித்திருந்தது. இதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 17

பிரிஸ்கில்லா டீச்சருக்குப் போன் செய்தேன். சரி என்று நான் சொன்னது தவறு, பிள்ளைகளிடம் நானே வந்து சொல்கிறேன் என்றேன். "நானும் சொல்லோணுமேங்க சார்" என்றார்.

ஜூலை 22

மறுபடி படப்பிடிப்பு. தெர்மாமீட்டர் தொண்ணூற்றைந்தில் நின்றது. "வரையட்டுங்களா சார்?" என்றாள் ஆன்மேரி. எனக்கு நன்றாக வேண்டும்.

இரண்டு முறை பேசினேன், இரண்டு முறையும் "ஒரு சிறு திருத்தம்" என்று தொடங்கினேன். கேமராவை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்: "சிறுசுங்களா சார்?"

மூன்றாவது முறை, "நான் தவறாகச் சொல்லிக் கொடுத்தேன்" என்று தொடங்கினேன். குரல் நடுங்கியது. அதை வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 6

பதினேழு பள்ளிகள் முடிந்தன. முழங்கால் வீக்கம். தவறு என்று வீடியோவிலேயே சொல்லிவிட்டதால் பிரபாகர் என்னோடு பேசுவதில்லை.

செப்டம்பர் 3

இன்று பிரிஸ்கில்லா டீச்சர் வகுப்பில் நோட்டுகளைப் பார்த்தேன். 95, 95, 94, 96. ஒரு சிறுமி மட்டும் 88. கை தானாகப் பேனாவைத் தேடியது. நிறுத்திக்கொண்டு, "எப்படிப் புடிச்சே, காட்டு சாமி" என்றேன். பிடித்துக் காட்டும்போதே தெர்மாமீட்டரின் குமிழ் தண்ணீரைத் தொடவில்லை என்பதை அவளே கண்டுபிடித்தாள். மறுபடி செய்தாள். 95.

நூறு என்று ஒரு நோட்டிலும் இல்லை.

அத்தாயியின் நோட்டுகள் எப்போதோ பழைய பேப்பருக்குப் போயிருக்கும். அவற்றை என்னால் திருத்த முடியாது.

அடுத்த வருடம் திட்டம் தொடருமா என்று தெரியவில்லை. எத்தனை பாடம் எடுக்க விட்டாலும், ஒவ்வொன்றையும் இப்படித்தான் முடிக்கப் போகிறேன். முதலாவதற்கு எழுதிவிட்டேன்:

பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். தெர்மாமீட்டரின் குமிழ் நீருக்குள் இருக்கட்டும். அதில் தெரியும் எண்ணை, புத்தகத்தைத் திறக்கும் முன் எழுதிவிடுங்கள்.