பாதி காதில் விழுந்த உப்புப் பாடம்

தென்காசி,
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் அகிலாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே கோபன்ஹேகனில் நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையில் போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் எனக்கு முறை வருவதில்லையே, அதனால்தான். சாயங்காலம் நீ கூப்பிட்டால் நல்லா இருக்கியாப்பா, மாத்திரை போட்டியா என்பதோடு என் பங்கு முடிந்துவிடுகிறது. உடனே உன் அம்மா போனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விடுகிறாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வருகிறாள், அதுவும் என்ன ஒரு முகத்தோடு வருகிறாள் தெரியுமா.

பிள்ளை அங்கே ஆய்வுக்கூடத்தில் என்னதான் செய்கிறாள் என்று அவள் கேட்கப்போய், நீ அணுவிலிருந்து ஆரம்பித்துவிட்டாய். நல்ல காரியம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிளஸ் டூ படிக்கையில் உன்னைக் கெமிஸ்ட்ரி டியூஷனுக்கு ஸ்கூட்டரில் கூட்டிப்போய், சாரல் மழையில் வாசலில் காத்துக்கிடந்தவன் நான். இப்போது அந்தக் கெமிஸ்ட்ரி முழுக்க அவளுக்குப் போகிறது. கார்பனுக்கு நாலு கை, அந்த நாலு கையாலும் பிடித்துப் பிடித்துச் சங்கிலியாக நீளுவதால்தான் அரிசியும் தலைமுடியும் தோலும் உண்டாகிறது என்று பக்கத்து வீட்டு மாஜிதாவிடம் சுவருக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கிறதே, அது பொதுவில் இருக்கிற எலக்ட்ரானைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொள்ளுமாம். நான் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்தேன். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. யார் எதை இழுத்து வைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா.

இனி சொல்லப்போவதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் நான்தான் கேட்டுக்கொண்டேன். இப்போது சரியாகிவிட்டதால் நானே எழுதுகிறேன், பதறாதே. போன மாதம் ஒருநாள் நீங்கள் பேசுகையில் டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காது கொடுத்தேன். உப்பு இருக்கிற பக்கம் தண்ணீர் போகும் என்று நீ சொன்னது மட்டும் கேட்டது. பிறகு அவள் கதவைச் சாத்திவிட்டாள். என் பிரஷருக்கு டாக்டர் நீர் பிரிகிற மாத்திரை கொடுத்திருக்கிறார் அல்லவா, அதையும் இதையும் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். உப்பை அறவே விட்டுவிட்டால் பிரஷர் இறங்கிவிடும், அடுத்த தடவை நீ கூப்பிடும்போது எனக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கும் என்று தோன்றியது. சோற்றுக்கும் மோருக்கும் உப்பை நிறுத்தினேன், குழம்பைத் தொடவில்லை, தண்ணீரை மட்டும் செம்பு செம்பாகக் குடித்தேன். அம்மா கேட்டதற்கு நாக்குக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

இப்படியே பத்து நாள் போயிருக்கும், குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறது என்று என் சிநேகிதன் தாணுமாலயன் கூப்பிட்டான். ஐந்தருவியில் குளித்துவிட்டு மேலே ஏறினால் காரை எங்கே விட்டோம் என்று எனக்குத் தெரியவில்லை. தாணுமாலயனை, போய்ச் சேர்ந்த உன் பெரியப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டேனாம். வாந்தியும் எடுத்தேன். குளிரில் அடித்திருக்கும், படுத்து எழுந்தால் சரியாகும் என்று சொல்லி அவன் என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். தட்டில் சோற்றை ஒதுக்கியதெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "படுக்க வேண்டாம் அண்ணாச்சி, வண்டிய எடுங்க. இவாளுக்கு ரத்தத்துல உப்பு இறங்கிருக்கு" என்றாளாம். ஆஸ்பத்திரியிலும் மாத்திரை, உப்பு, தண்ணீர் மூன்றையும் அவளே சொன்னதால் டாக்டர் முதலிலேயே சோடியம் பார்க்கச் சொன்னார். ரொம்பவும் இறங்கியிருந்தது. இன்னும் ஒருநாள் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்.

எனக்குத் தெளிவு வந்ததும் ஒன்றைக் கவனித்தேன். டாக்டர் என்னைப் பரிசோதித்துவிட்டு அவளிடம்தான் பேசினார். உப்பை ஏன் இப்படிச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள் என்று நான் கேட்டால் அவள்தான் பதில் சொன்னாள். ரத்தத்தில் உப்புக் குறைந்ததால் தண்ணீர் மூளையின் செல்லுக்குள் புகுந்து செல் வீங்கிவிட்டது, மண்டைக்குள் வீங்க இடமில்லை, அதற்காக அவசரப்பட்டுத் தண்ணீரை வெளியே இழுத்தாலும் செல் கெட்டுப்போகும், அகிலா சொல்லியிருக்கிறாள் என்றாள். உயிர் பிழைத்துப் படுத்திருக்கிற மனிதனுக்கு நன்றிதானே வர வேண்டும். எனக்கு வந்தது பொறாமை. அந்த "அகிலா சொல்லியிருக்கிறாள்" என்பதை என் வாயால் சொல்ல ஒரு விஷயம்கூட இல்லையே என்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, இனிமேல் போனை ஸ்பீக்கரில் போடு, நானும் உட்காருகிறேன் என்றேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "உங்களுக்குக் கோயில் கமிட்டி இருக்கு, தாணுமாலயன் அண்ணாச்சி இருக்காவ. எனக்கு இந்தப் பேச்சு ஒண்ணுதான் இருக்கு. அவ படிக்கையில நீங்க கூடப் போனீய, நான் சமைச்சேன். இப்பதான் பிள்ள எங்கிட்ட வந்திருக்கா. அதுலயும் பங்கு கேக்கீயளா?" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. எழுந்து வாசலுக்குப் போனபோதுதான் பழசு ஞாபகம் வந்தது. ஸ்கூட்டரில் நாம் கிளம்பும்போது டிபன் டப்பாவோடு வாசலில் நிற்பாளே, அவளுக்கு இத்தனை வருஷமாக என்மேல் இருந்ததும் இதே பொறாமைதான் போலிருக்கிறது.

ரெண்டு நாள் கழித்து அவளிடம், உன் பேச்சு நேரம் எனக்கு வேண்டாம், ஒரே ஒரு பாடத்தை மட்டும் எனக்கு விட்டுக்கொடு என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "உப்ப எடுத்துக்கிடுங்க. அதுல அடிபட்டவக நீங்கதான். கார்பன் பக்கம் வரப்பிடாது" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

ஆகையால் இந்தக் கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் என் நம்பருக்குக் கூப்பிடு. அம்மா ஆய்க்குடி முருகன் கோயிலுக்குப் போயிருப்பாள். உப்பைப் பற்றி முதலிலிருந்து, கதவைச் சாத்தாமல் சொல்லு. சாப்பாட்டில் இப்போது டாக்டர் சொன்ன அளவு உப்பு சேர்த்துக்கொள்கிறேன், கவலைப்படாதே. நீ நேரத்துக்குத் தூங்கு. விசுவநாதரும் உலகம்மையும் உங்கள் இருவரையும் ஒரு குறையுமில்லாமல் காப்பாற்றட்டும். அம்மா கேட்டால் அப்பாவுக்கு உப்பு மட்டும்தான் சொன்னேன் என்று சொல்லிவிடு. நீ கூடக்கொஞ்சம் கார்பனைப் பற்றிச் சொன்னாலும் நான் வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
பால்வண்ணநாதன்