பள்ளிக்குப் பின்னால் மஞ்சள் பாத்தி

ஜூன் 12

அன்புள்ள மூக்கிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை. மண் பரிசோதனைக் கூடத்தில் அதிகாரியாகிவிட்டால் கூடப் படித்தவளை மறந்துவிடலாமா?

நீ அனுப்பிய நாற்றுகளைப் பள்ளிக்குப் பின்னால் நட்டுவிட்டோம். நீ சொன்னபடியே ஒன்றரை அடி இடைவெளி, எரு கிடையாது, வாரம் ஒருமுறை தண்ணீர். எனக்கென்னவோ காய்கறி போடத்தான் ஆசை. "அங்க வேண்டாம்டி, பூ போதும்" என்று நீதான் பிடிவாதம் பிடித்தாய்.

உன் வாயாடி
(தலைமையாசிரியை என்று போட்டால் சிரிப்பாய்)

ஜூன் 20

அன்புள்ள வாயாடி,

கோபிக்காதே, வேலை அதிகம். அது கெட்டிச் செடி. வேர் இறங்கிவிட்டால் தண்ணீரே கேட்காது. பூத்து முடிந்ததும் ஒட்ட வெட்டிவிடு, அடுத்த வருடம் தானே துளிர்க்கும். தேனீக்களுக்கு நல்ல விருந்து.

பிள்ளைகளை மட்டும் மண்ணைக் கிளறவிடாதே. தள்ளி நின்று பார்த்தால் போதும்.

உன் மூக்கி

நவம்பர் 9

அடியே மூக்கி,

மழையில்லாமல் ஊரே காய்ந்து கிடக்க, நம் பாத்தி மட்டும் மஞ்சளாகப் பூத்துக் கொட்டுகிறது. வேறெங்கும் பூ இல்லாததால் தேனீக்கள் மொத்தமும் இங்கேதான்.

ஆனால் ஏதோ சரியில்லை. காலையில் வாட்ச்மேன் அண்ணன் கூப்பிட்டுக் காட்டினார். "டீச்சர், இதுங்க குடிச்சவன் மாதிரி தள்ளாடுது பாருங்க." செடிக்கடியில் முறத்தில் அள்ளும் அளவுக்குச் செத்துக் கிடந்தன. நாங்கள் எந்த மருந்தும் அடிக்கவில்லை. டப்பாவில் கொஞ்சம் மண்ணும் சில தேனீக்களும் அனுப்பியிருக்கிறேன். சோதித்துச் சொல்.

பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். பூவைப் பறித்து அடிக்காம்பை உறிஞ்சினால் இனிக்கிறதாம்.

உன் வாயாடி

நவம்பர் 13

வாயாடி,

பிள்ளைகளைத் தடு. இன்றே. யாருக்காவது வாந்தி வந்தால் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. பூச்சிமருந்து என்று சொல்.

டப்பாவைப் பிரிக்கவில்லை. பிரிக்காமலே தெரியும். பள்ளி வருவதற்கு முன் அங்கே பூச்சிமருந்துக் கிடங்கு இருந்தது. மிச்சத்தைப் பின்னால்தான் புதைத்தார்கள். மண்ணைச் சோதித்தவள் நான். 'பள்ளிக்கு ஏற்றது' என்று கையெழுத்துப் போட்டவளும் நான். மேலதிகாரி எதிரிலேயே நின்றார். அப்போது என் வேலை நிரந்தரமாகவில்லை.

பூவை யார் தின்னப்போகிறார்கள் என்று நினைத்தேன். பாத்தி இருந்தால் பிள்ளைகள் அங்கே விளையாட மாட்டார்கள் என்றும் நினைத்தேன். அந்த மருந்து வேர் வழியாகத் தேன்வரை ஏறும் என்று படித்திருக்கிறேன். மறந்துபோனேன் என்றால் நம்புவாயா?

தந்தி கொடுத்தால் நாலு பேர் படிப்பார்கள். அதனால்தான் கடிதம். படித்ததும் எரித்துவிடு.

மூக்கி

நவம்பர் 21

மண் பரிசோதனை அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் 16ஆம் தேதி கிடைத்தது. தந்தி என்றால் 13ஆம் தேதியே வந்திருக்கும். பிள்ளைகளுக்கு வாந்தி தொடங்கியது 15ஆம் தேதி.

மருத்துவமனையில் சேர்த்த ஐவரில் நால்வர் வீடு திரும்பிவிட்டார்கள். மூன்றாம் வகுப்புச் சிறுமி இன்னும் கண் திறக்கவில்லை. என்ன விஷம் என்று டாக்டர் கேட்டபோது என் கையில் இருந்தது தங்கள் கடிதம் ஒன்றுதான். கொடுத்தேன். இப்போது அது காவல் நிலையத்தில் இருக்கிறது.

அந்தச் சிறுமியின் அம்மா வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இதை எழுதினது யாரு டீச்சர்? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"தெரியாதும்மா" என்றேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை