ஒரே சொம்பில் ஊற்றிய இரண்டு பாட்டில்

வெள்ளிக்கிழமை ராத்திரி.

இன்று திருப்பதி வீட்டில் இருந்தவர்கள்: மகன் செல்வம், மருமகள் கல்பனா, நகரியிலிருந்து வந்திருக்கும் அவள் அம்மா ராஜம்மா, நான்.

செல்வம் கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, பிள்ளையைப்போலப் பவளம் வளர்க்கிறான். அதற்குக் கால்சியம் ஒரு பாட்டில், தண்ணீரின் காரத்தன்மைக்கு ஆல்கலினிட்டி ஒரு பாட்டில். ஒன்றைக் காலையில் ஊற்றினால் மற்றதைச் சாயங்காலம்தான் ஊற்ற வேண்டும். தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி கலக்கிய பழக்கத்தில் ராஜம்மா இரண்டையும் ஒரே சொம்பில் கலக்கி ஊற்றிவிட்டாள். தண்ணீர் சுண்ணாம்பாய் வெளுத்தது. பவளமெல்லாம் சுருங்கிக்கொண்டது.

செல்வம் ஓடி வந்தான். “எம்மா, இன்னாத்த ஊத்தின?”



“நான்தான் மாப்ள,” என்றாள் ராஜம்மா. “ரெண்டும் உள்ளதான போவுது, ஒண்ணா போவட்டும்னு ஊத்திட்டேன்.”

“உங்க ஊட்ல பாலையும் மோரையும் ஒண்ணாத்தான் காச்சுவீங்களா சம்மந்தி?” என்றேன். அவளே சிரித்துவிட்டாள்.

செல்வம் பாதித் தண்ணீரை மாற்றினான். விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பவளம் ஒவ்வொன்றாக விரிந்தது. எல்லோரும் கைதட்டினோம்.

கல்யாணத்தில் என் பட்டுப் புடவையைத் தடவிப் பார்த்து, பவர்லூம் சரக்கு என்றவள் ராஜம்மா. அவளைக்கூட இன்று மன்னித்துவிட்டேன். மூன்று பெண்கள் இருந்த வீட்டில் நேராக என்னைப் பார்த்துக் கேட்டவனை மட்டும் மன்னிக்க மாட்டேன். செல்வம்.