எய்னோவின் நடை

தண்டர் பே,
ஜனவரி 9

அன்புள்ள கிர்ஸ்டிக்கு,

ஃபெர்னான் எழுதுகிறேன். உன் அப்பாவோடு காகித ஆலையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன்; ஆறு வயதில் நீ 'மீசை அங்கிள்' என்று கூப்பிட்ட அதே ஆள். மீசை இப்போது முழு வெள்ளை. ஹாலிஃபாக்ஸில் நீயும் குழந்தையும் சுகந்தானே? இங்கே மைனஸ் முப்பது, கார் கிளம்ப மாட்டேன் என்கிறது. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. உன்மேல் தப்பில்லை, கடைசியாக நான் சொன்ன சேதி அப்படி. அந்தச் சேதி பொய் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பா குடிக்கவில்லை, கிர்ஸ்டி. போன வருடம் ஜனவரி மூன்றாம் தேதி விட்டவர், இன்றுவரை ஒரு சொட்டு தொடவில்லை. மறுபடி ஆரம்பித்துவிட்டார் என்று அக்டோபரில் உனக்குச் சொன்னது என் மடத்தனம்.

எங்கள் வியாழக்கிழமைக் கூட்டத்தில், புதிதாகக் குடியை விட்டவருக்கு முன்பே விட்ட ஒருவர் துணையாக இருப்பார். உன் அப்பா எய்னோவுக்கு நான். அக்டோபரில் அந்த வியாழக்கிழமை அவர் குடியை விட்டு ஒன்பதாவது மாதம். அத்தனை மாதம் குடிக்காமல் இருந்ததற்குக் கூட்டத்தில் பரிசாகத் தரும் நாணயம் என் சட்டைப் பையில் இருந்தது. கூட்டம் நடக்கும் சர்ச் கீழ்த்தளத்துக்கு, படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாத்து மாதிரி இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து இறங்கி வந்தார். அந்த நடை எனக்குத் தெரியாதா? நானே பதினெட்டு வருடம் அப்படி நடந்தவன். இருபது பேர் பார்க்க, 'எய்னோ, இன்னைக்கு வேணாம். தெளிஞ்சப்புறம் வா' என்றேன். அவர், 'காலு வலிக்குதுடா, தொடையில என்னமோ ஆகுது' என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆலையில் போதையோடு மாட்டும்போதெல்லாம் ஃபோர்மேனிடம் நாங்கள் இருவரும் சொன்ன பொய்யே கால் வலிதான். 'இந்தக் கதைய என்கிட்டயேவா?' என்று கேட்டேன். திரும்பிப் படியேறினார். இரண்டடி கிட்டப் போயிருந்தால் அவர் வாயில் காபி வாசனைதான் வந்திருக்கும். போகவில்லை. பெரிய யோக்கியன் மாதிரி அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்தேன். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்குக் குழந்தையோடு வரப் போட்டிருந்த டிக்கெட்டை நீ ரத்து செய்தாய். 'குடிக்கிறவர் கண்ணுல என் பிள்ளையக் காட்ட மாட்டேன் அங்கிள்' என்று நீ சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

நவம்பரில் ஒரு காலை, அடுப்பிலிருந்து கெட்டிலை எடுக்கத் திரும்பியவர் அப்படியே விழுந்தார். இடுப்பெலும்பு முறிவு. தரையில் தவழ்ந்துபோய், அவமானப்படுத்திய என்னைத்தான் போனில் கூப்பிட்டார். நான் கேட்ட முதல் கேள்வி, 'எத்தன கிளாஸ் போட்ட?' இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மது துளியும் இல்லை. வைட்டமின் டி-யும் கிட்டத்தட்ட இல்லை. டாக்டரம்மா நம்பாமல் இரண்டாம் முறை எடுத்துப் பார்த்தார். என்னை வராந்தாவில் நிறுத்தி, 'இவரு விழுந்ததால எலும்பு உடையல. எலும்பு உடைஞ்சதால விழுந்திருக்காரு' என்றார். குடித்த வருடங்களில் சாப்பாடு சரியாக இறங்கவில்லை; ஈரலும் பாதி கெட்டுவிட்டது; நம் ஊர் வெயிலோ வருடத்தில் பாதி நாள் பேருக்குத்தான். எலும்பு மெத்தென்று ஆகி, தசையும் பலமிழந்து போயிருந்ததாம். 'பல மாசமாவே தள்ளாடித்தான் நடந்திருப்பாரே, யாரும் கவனிக்கலையா?' என்று கேட்டார். கவனித்தேன் கிர்ஸ்டி, நன்றாகவே கவனித்தேன்.

துணி எடுக்க உங்கள் வீட்டுக்குப் போனேன். அலமாரியில் தக்காளி சூப் டின்கள், உப்பு பிஸ்கட், தேயிலை. குடியை விட்டபிறகு அவர் சாப்பிட்டதெல்லாம் அவ்வளவுதான். ஒன்பது மாதம் தினமும் போன் செய்து, 'இன்னைக்குக் குடிச்சியா?' என்று கேட்டிருக்கிறேன். ஒருநாள்கூட 'சாப்பிட்டியா?' என்று கேட்டதில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இப்போது பரவாயில்லை. ஏரிக்கரைப் பக்கம் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறார். மாத்திரை, முட்டை, மீன் எல்லாம் நேரத்துக்குக் கிடைக்கிறது. நர்ஸ் பால் டம்ளரோடு வந்தால், 'முப்பது வருஷமா குடிக்காதே குடிக்காதேன்னு கத்துனாங்க, இப்ப குடி குடின்னு உயிர வாங்குறாங்க' என்று எல்லாரையும் சிரிக்க வைக்கிறார். என்மேல் கோபமே இல்லை. 'உன் இடத்துல நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்டா' என்றார். திட்டியிருந்தால் தேவலை.

ஒன்று மட்டும் அவருக்குத் தெரியாது. நான் உனக்குப் போன் செய்ததைச் சொல்லவில்லை. நீ தானாகவே வராமல் இருந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். 'அவளுக்கு நான் செஞ்சதுக்கு இது கம்மி' என்கிறார். இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு நேரே அங்கேதான் போகிறேன், சொல்லிவிட. அப்புறம் என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சரி.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை வா. நீ வருகிறாய் என்று தெரிந்தால் படுக்கையில் இருக்க மாட்டார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்துவிடுவார், பிடிவாதம் உனக்குத் தெரியும். எலும்பு தேற இன்னும் ஆறேழு மாதம் ஆகுமாம். அதனால் உன்னை நோக்கி வரும்போதும் அவர் தள்ளாடித்தான் வருவார். சின்ன வயதிலிருந்து நீ பயந்த அதே நடை. பார்த்ததும் உனக்குத் திரும்பிப் போய்விடத் தோன்றும்.

நின்ற இடத்தில் நிற்காதே அம்மா. கிட்டப் போ.

நீயும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டும்,
ஃபெர்னான்